கீழ் இடைநிலைக் கல்வியின் தரத்தை மதிப்பிடுதல்: தமிழ்ப்பள்ளி மாணவரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியாவில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி இல்லை. ஆகவே, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவருள் பெரும்பாலோர் அரசாங்கத்தின் தேசிய இடைநிலைப்பள்ளிகளிலேயே தங்கள் கல்வியைத் தொடர்கின்றனர். அவ்வேளையில் ‘எந்தப் பள்ளி நல்ல பள்ளி?’ என்னும் வினாவைப் பெற்றோர் முதலில் கேட்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடந்தான். அதற்கு எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை மாணவர் எத்தனை ‘ஏ’ பெற்றனர் என்னும் கணக்கே பெரும்பாலும் விடையாகக் கூறப்படுகிறது. இந்த விடை போதுமானதா, போதாதெனில் வேறு எச்சான்றுகளைக் காணவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இருப்பிடத்தையும் பயின்ற தொடக்கப்பள்ளியையும் ஒட்டி இடைநிலைப்பள்ளி ஒதுக்கப்படுவதே பொதுவழக்கு. எனவே, தரத்தை மதிப்பிடுதல் என்பது பள்ளியைத் தெரிவு செய்வதற்கு மட்டும் உரியதன்று. ஒதுக்கப்பட்ட பள்ளியில் எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதைப் பெற்றோர் அறிவதற்கும் அது துணைபுரியும்.

கீழ் இடைநிலைப் பருவத்தின் இயல்பு

முதலாம் படிவம் முதல் மூன்றாம் படிவம் வரையிலான மூன்றாண்டுகளே கீழ் இடைநிலை எனப்படும். 13 முதல் 15 வயது வரையிலான இப்பருவத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒரே சமயத்தில் பல மாற்றங்களைச் சந்திக்கின்றனர். சிறிய பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு வருகின்றனர். தம்மை ஆறாண்டுகள் அறிந்த ஆசிரியர்களை விட்டுப் பாடத்திற்கு ஓர் ஆசிரியர் என்னும் முறைக்குள் நுழைகின்றனர். இவை எல்லாவற்றினும் பெரியது பயிற்றுமொழி மாற்றமாகும்.

தமிழில் ‘பின்னம்’ எனக் கற்ற மாணவர், ‘பெச்சாஹான்’ என்னும் மலாய்ச் சொல்லைக் கேட்டு அதுவே இது என உடனே உணராமற் போகலாம். அவருக்குக் கணிதம் தெரியும். வினாவின் மொழிதான் தெரியாது. ஆனால், விடைத்தாளில் இரண்டும் ஒரே பிழையாகவே காட்சியளிக்கும். இதனைப் பிரித்தறிந்து திருத்தும் பள்ளியும், ‘கணிதத்தில் பின்தங்கிய மாணவர்’ என முத்திரையிட்டு ஒதுக்கும் பள்ளியும் தரத்தால் வேறானவை. மலாய்மொழியில் போதிய அடைவு பெறாதவர்களுக்கென அமைந்த புகுமுக வகுப்பு இவ்விடைவெளியை நிரப்பும் நோக்குடையதே. எனினும், அவ்வகுப்பிற்கு அனுப்பப்படாமல் நேரே முதலாம் படிவம் செல்வோருக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு என்பதை மறத்தலாகாது.

இட நெருக்கடியால் இரு பிரிவுகளாக இயங்கும் பள்ளிகளில் கீழ்ப்படிவ மாணவரே பெரும்பாலும் பிற்பகல் பிரிவில் பயில்வர். பள்ளியின் பெயரோ ஐந்தாம் படிவத் தேர்வால் அமைகிறது. அதனால், அனுபவம் மிக்க ஆசிரியரும் முதல்வரின் கவனமும் மேற்படிவங்களுக்குச் செல்வது இயல்பாகிவிடுகிறது. மாணவர் தடுமாறும் காலமும் பள்ளியின் கவனம் குறையும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

தேர்வு முடிவு காட்டுவதும் மறைப்பதும்

1993 முதல் 2013 வரை பி.எம்.ஆர். தேர்வும், 2014 முதல் பி.டி.3 மதிப்பீடும் மூன்றாம் படிவத்தின் அளவுகோலாக இருந்தன. 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பி.டி.3 2022-இலும் அகற்றப்பட்டன. அதன்பின் 1 முதல் 6 வரை அடைவுநிலைகளைக் கொண்ட வகுப்புசார் மதிப்பீடும், பள்ளி அளவில் நடத்தித் திருத்தப்படும் கல்வியாண்டு இறுதித் தேர்வும் முதன்மை பெற்றன. இதனால் பள்ளிகளை ஒப்பிடப் பெற்றோருக்கு எஞ்சியது எஸ்.பி.எம். முடிவு ஒன்றே. அது முதலாம் படிவத்தில் நுழைந்த மாணவரைப் பற்றி ஐந்தாண்டுகள் கழித்துக் கிடைக்கும் செய்தியாகும்.

தேர்வு முடிவைக் கொண்டு பள்ளியை மதிப்பிடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கலை நம் மரபிலக்கணம் ஒன்றின் துணையால் விளக்கலாம். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும் உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கருக்கு உவமையாகின்றன. அன்னம் பாலையும் நீரையும் தானே பிரித்துக் கொள்ளும். அதற்குக் கற்பித்தவரின் பங்கு குறைவு. மண்ணோ உழவரின் உழைப்புக்கு ஏற்ற அளவே பலன் தரும். அன்னங்களை மட்டுமே தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் பள்ளி சிறந்த முடிவைப் பெறுவதில் வியப்பில்லை. பள்ளியின் உழைப்பை அறிய வேண்டுமாயின், மண்ணை ஒத்த இடைமாணாக்கர் அங்கே என்னவாயினர் என்பதையே பார்த்தல் வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ‘அ’ பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்த 100 பேரில் 80 பேர் மலாய்மொழியில் நல்ல அடைவுடன் வருகின்றனர். மூன்றாம் படிவ இறுதியில் அவ்வெண்ணிக்கை 78. ‘ஆ’ பள்ளியில் சேரும்போது 20 பேர், இறுதியில் 45. பட்டியலில் ‘அ’ முதலிடம் பெறும். ஆயினும், 25 மாணவரை உயர்த்தியது ‘ஆ’ பள்ளியே. பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வுண்மை தென்படுவதில்லை.

உள்நாட்டுத் தேர்வு முடிவுகள் முழுமையான சித்திரத்தைத் தருவதில்லை என்பதற்கு டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வும் சான்றாகிறது. இதில் மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர் 1999 முதல் பங்கேற்று வருகின்றனர். கணிதத்தில் 1999-இல் 519 ஆக இருந்த சராசரிப் புள்ளி 2011-இல் 440 ஆகக் குறைந்தது. 2019-இல் 461 ஆக இருந்தது 2023-இல் 411 ஆயிற்று. பி.எம்.ஆர். தேர்வின் சிறப்புத் தேர்ச்சிகளை நாடெங்கும் பள்ளிகள் கொண்டாடிய ஆண்டுகளிலேயே முதற்சரிவு நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது.

ஆய்வுலகம் கண்டவை

பள்ளியின் தரம் பற்றிய நவீன ஆய்வுகளுக்குத் தொடக்கமாகக் கூறத்தக்கது 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் வெளியிட்ட அறிக்கை. ஏறத்தாழ 6 இலட்சம் மாணவரை ஆராய்ந்த அவ்வறிக்கை, மாணவரின் அடைவு வேறுபாட்டைக் கட்டடம், நூலகம் முதலிய வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியும் விளக்குகிறது எனக் கண்டது. அப்படியாயின் பள்ளியால் பயனில்லையா என்னும் ஐயம் எழுந்தது.

அவ்வையத்திற்கு 1979-இல் வெளிவந்த மைக்கேல் ரட்டர் குழுவினரின் ஆய்வு விடையளித்தது. இலண்டனின் 12 இடைநிலைப்பள்ளிகளை ஆராய்ந்த அவர்கள், நுழையும் மாணவரின் நிலையைக் கணக்கில் கொண்ட பின்னரும் பள்ளிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உள்ளதென நிறுவினர். அவ்வேறுபாடு கட்டடத்தின் வயதாலோ பள்ளியின் அளவாலோ வந்ததன்று. பாடவேளை வீணாகாமை, வீட்டுப்பாடம் தந்து திருத்தப்படுதல், பாராட்டு, மாணவருக்குப் பொறுப்பளித்தல் போன்ற அன்றாட நடைமுறைகளே அதற்குக் காரணமாயின.

கொள்கை அளவிலும் இச்சிந்தனை இடம்பெறத் தொடங்கியது. இங்கிலாந்து 2016-இல் மாணவர் நுழைந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினர் என்பதை அளக்கும் முறையை இடைநிலைப்பள்ளிகளுக்குக் கொணர்ந்தது. இடைநிலைப்பள்ளிகளைத் தேர்வு முடிவுகளின்படி தரவரிசைப்படுத்தி வந்த சிங்கப்பூர், 2012-இல் அவற்றைத் தேர்வடிப்படையில் தொகுதிகளாக்கும் முறையையும் கைவிட்டது.

அமைச்சின் தர அளவுகோல்

மலேசியக் கல்வி அமைச்சும் தேர்வு முடிவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. மலேசியக் கல்வித் தர அளவுகோலின் இரண்டாம் அலை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. தலைமைத்துவம், நிறுவன நிருவாகம், கலைத்திட்டம்-புறப்பாடம்-மாணவர் நல நிருவாகம், கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம் என ஐந்து தரங்களை அது வகுத்துள்ளது. பள்ளி முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும். ஆய்வாளர் குழு வகுப்பறையைக் கண்டு ஆராயும். இவ்வளவுகோல் விரிவானது, போற்றத்தக்கது. ஆயினும், அது நிருவாகத்தின் கருவி. ஓர் ஒட்டுமொத்த மதிப்பெண்ணுக்குள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஐம்பது மாணவரின் நிலை தனித்துத் தெரியாது. அதனை அறிய நாமே சில வினாக்களைக் கேட்டாக வேண்டும்.

காணவேண்டிய ஐந்து சான்றுகள்

முதலாவது, ஒரே குழுவைத் தொடர்ந்து நோக்குதல். முதலாம் படிவத்தில் சேர்ந்தோர் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாண்டுகளுக்குப் பின் எஸ்.பி.எம். எழுதியோர் எத்தனை பேர் என்பதைக் கேட்க வேண்டும். எழுதியோரின் தேர்ச்சி விழுக்காடு, எழுதாமல் மறைந்தோரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாம் படிவத்திற்குப் பின் தங்கும் விடுதிப் பள்ளிகளுக்கும் தொழிற்கல்லூரிகளுக்கும் மாறிச் சென்றோரைப் பிரித்துக் காட்டினால்தான் இக்கணக்கு நேர்மையானதாகும்.

இரண்டாவது, மொழிமாற்றக் காலத்தில் தரப்படும் துணை. முதலாம் படிவத்தின் தொடக்க மாதங்களில் மாணவரின் மலாய்மொழித் திறன் கண்டறியப்படுகிறதா, கணித அறிவியல் ஆசிரியர்கள் கலைச்சொற்களைத் தனித்துக் கற்பிக்கின்றனரா, தமிழ்ப்பள்ளியின் பதிவுகள் வாசிக்கப்படுகின்றனவா என்பன இங்குக் கேட்கத்தக்கவை.

மூன்றாவது, கடைசி வகுப்பின் நிலை. தேர்ச்சியின்படி வகுப்புகளைப் பிரிக்கும் பள்ளியில் இறுதி வகுப்பே அப்பள்ளியின் மனச்சான்றைக் காட்டும். அங்கே யார் கற்பிக்கின்றனர், ஆசிரியர் வராத பாடவேளைகள் எத்தனை, பயிற்சிப் புத்தகங்கள் திருத்தப்பட்டுள்ளனவா, அவ்வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் மேல்வகுப்பிற்கு மாறுவோர் உண்டா என்று நோக்க வேண்டும். பத்துப் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது, பள்ளியின் வரவேற்பறையில் உள்ள கேடயங்களை எண்ணுவதைவிடப் பயனுடையது.

நான்காவது, தமிழ் வகுப்பு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பதற்கான வசதி செய்துதரப்பட வேண்டும். வகுப்பு உண்டா என்பதோடு நில்லாமல், அது கால அட்டவணைக்குள் நடைபெறுகிறதா, பயிற்சி பெற்ற தமிழாசிரியர் உள்ளாரா என்றும் வினவ வேண்டும். முதலாம் படிவத்தில் தமிழ் பயின்றோருள் எத்தனை பேர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கின்றனர் என்பது மிகத் தெளிவான குறியீடு. பள்ளி நேரத்திற்குப் பின் பேருந்து புறப்படும் வேளையில் வைக்கப்படும் தமிழ் வகுப்பு பெயரளவில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, வருகையும் ஒழுங்கும். பள்ளிக்கு வராமை என்பது கல்வியைக் கைவிடுவதன் முதல் அறிகுறி. மூன்று நாள் வராத மாணவரின் வீட்டிற்கு யார் தொடர்பு கொள்கின்றனர்? ஆலோசக ஆசிரியர் பிற்பகல் பிரிவிலும் கிடைக்கிறாரா? இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர் திரும்பி வரும்போது தவறவிட்ட பாடம் கற்பிக்கப்படுகிறதா? இவ்வினாக்களுக்கு உடனே விடை கூறும் பள்ளி, மாணவரைப் பெயரால் அறிந்த பள்ளி எனலாம்.

கவனிக்கத்தக்க வரம்புகள்

இச்சான்றுகளைக் கையாளுவதில் சில எச்சரிக்கைகள் தேவை. முப்பது பேர் கொண்ட குழுவில் மூவரின் நிலை மாறினாலே விழுக்காடு பத்துப் புள்ளி மாறிவிடும். ஆதலின், ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறாமல் மூன்று முதல் ஐந்தாண்டுக் கணக்கை நோக்குதல் வேண்டும். வகுப்புசார் மதிப்பீட்டின் அடைவுநிலை ஆசிரியரின் தீர்ப்பைச் சார்ந்தது. ஒரு பள்ளியின் நான்காம் நிலையும் மற்றொரு பள்ளியின் நான்காம் நிலையும் ஒன்றென உறுதியாகக் கொள்ள இயலாது. முன்னர்க் காட்டிய கற்பனைக் கணக்கும் அளவீடு ஒத்திருந்தால்தான் பொருந்தும். எனவே, அடைவுநிலையைப் பள்ளிகளுக்கிடையே ஒப்பிடுவதைவிட, ஒரே பள்ளிக்குள் மாணவரின் வளர்ச்சியைக் காணப் பயன்படுத்துவதே முறையாகும். மேலும், இவ்வினாக்கள் குற்றம் சாட்டும் தொனியில் எழுப்பப்படலாகாது. ஆசிரியர் பற்றாக்குறைக்கும் இட நெருக்கடிக்கும் பள்ளி முதல்வர் பொறுப்பாளியல்லர்.

முடிவுரை

கீழ் இடைநிலைக் கல்வியின் தரம், பள்ளி பெற்ற உச்ச அடைவில் இல்லை. நடுநிலை மாணவரை அது எத்துணைத் தொலைவு அழைத்துச் சென்றது என்பதில் உள்ளது. இதனை அறியத் தேவையான தரவுகளில் ஒரு பகுதி தமிழ்ப்பள்ளிகளின் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் ஆறாம் ஆண்டு மாணவரின் பெயர்ப்பட்டியலைக் காத்து, அவர்கள் சேர்ந்த பள்ளி, புகுமுக வகுப்பிற்குச் சென்றோர், மூன்றாம் படிவத்தில் தமிழைத் தொடர்வோர், எஸ்.பி.எம். எழுதியோர் ஆகிய நான்கு விவரங்களைப் பெற்றோரின் இசைவுடன் ஆண்டுதோறும் பதிந்து வருமாயின், ஐந்தாண்டுகளில் நம்பத்தக்க ஒரு சித்திரம் உருவாகும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இப்பணியை ஏற்கலாம். பல்கலைக்கழகத்தில் கல்வியியலும் தமிழும் பயிலும் மாணவர் தம் ஆய்வேடுகளுக்கு இதனைப் பொருளாகக் கொள்ளலாம். அத்தகைய பதிவேடு கையில் இருக்குமாயின், ஆறாம் ஆண்டு ஆசிரியர் பெற்றோரின் வினாவுக்குச் செவிவழிச் செய்தியால் அன்றிச் சான்றால் விடையளிக்க இயலும்.