எங்கே ஆழ்வது, எங்கே நிறுத்துவது?
சதுரங்கக் கணினியின் தேடல் முறை பற்றிய ஒரு விளக்கம்

சதுரங்கம் நமக்குப் புதியதோர் ஆட்டமன்று. பண்டைப் பாரதத்திலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாக மேனாடு சென்ற இவ்வாட்டம், இருபதாம் நூற்றாண்டிலே கணினி அறிஞர்க்கு ஓர் ஆய்வுக்களமாயிற்று. கணினி எவ்வாறு சதுரங்கம் ஆடுகின்றது என்று வினவினால், "எல்லா நகர்வுகளையும் எண்ணிப் பார்த்துவிடும்" என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை பொருந்தாது என்பதையும், எவ்வழியில் ஆழ்ந்து நோக்குவது, எவ்விடத்தில் நிறுத்துவது என வரையறுப்பதே அதன் வலிமைக்கு மூலம் என்பதையும் இங்கு விளக்க முயல்வோம்.

ஒருவர் ஒருமுறை காய் நகர்த்துவதை ஒரு படி எனக் கொள்வோம். எத்தனை படி முன்னோக்கப்படுகின்றதோ அதுவே தேடல் ஆழம். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உள. கறுப்பும் ஆடியபின் வழிகள் 400 ஆகும். மூன்றாம் படியில் அவை 8,902. நான்காம் படியில் 197,281. ஐந்தாம் படியில் 4,865,609. ஐந்து படிகளிலேயே கணக்கு இவ்வளவு பெருகுமாயின், ஆட்டம் முழுவதையும் எண்ணி முடிக்க வல்ல கணினி எங்குமில்லை என்பது வெளிப்படை. ஆகவே ஓரெல்லையில் நின்று, அங்குள்ள காய்களின் மதிப்பைக் கணித்துத் தீர்ப்புக் கூறுவதன்றி வேறு வழியில்லை. எல்லா வழிகளையும் ஒரே ஆழத்திற்கு நோக்குவதா, தெரிந்தெடுத்த சில வழிகளை மட்டும் ஆழமாக நோக்குவதா என்னும் வினாவை அமெரிக்க அறிஞர் கிளோட் ஷனன் 1950ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரையிலேயே எழுப்பிவிட்டார்.

சிக்கனத்திற்கு இரு வழிகள் விரைவில் அமைந்தன. ஒரு நகர்வுக்கு எதிரியிடம் வலிய மறுமொழி ஒன்று உளதெனக் கண்டால், அந்நகர்வை மேலும் ஆராயாது விடுதல் ஒன்று. நகர்வுகள் நன்கு வரிசைப்படுத்தப்பட்டிருப்பின் இம்முறையால் அதே நேரத்தில் ஏறத்தாழ இருமடங்கு ஆழம் காணலாம். முதலில் ஒரு படி, பின்னர் இரண்டு, அதன்பின் மூன்று எனப் படிப்படியாக ஆழ்தல் மற்றொன்று. இதனால் கடிகாரம் எப்பொழுது தடுத்தாலும் ஆடுவதற்கு ஒரு நகர்வு கையில் இருக்கும்.

நிற்க. ஓரெல்லையை வகுத்தவுடன் ஒரு பெருங்குறையும் உடன் வந்தது. சவளக்கடையிலிருந்து கல்முனைக்குச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடத்தல் வேண்டும். மாரி காலத்தில் அதன்மேல் வெள்ளம் பாய்வது நாம் அறிந்ததே. வீட்டு வாசலில் நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் வீதி உலர்ந்திருக்கக் கண்டு "வழி நன்று" எனத் தீர்மானிப்பவனைப் போன்றதே எல்லையில் நின்றுவிடும் கணினியும். எட்டாம் படியில் இராணியைக் கொண்டு ஒரு காலாளை வெட்டுவதோடு கணக்கு முடியுமாயின், அதனை ஆதாயமென்றே அது கொள்ளும். ஒன்பதாம் படியில் இராணி பறிபோவதை அது காணாது. அன்றியும், காயொன்றை இழப்பது உறுதியாயின், இடையிடையே பயனற்ற செக் வைத்தும் காலாட்களைப் பலியிட்டும் அவ்விழப்பை எல்லைக்கப்பால் தள்ளிவிட்டு, தப்பிவிட்டதாகக் கருதும். பழைய கடனை மறைக்கப் புதுக்கடன் வாங்குபவன் செயலும் இதுவே அன்றோ? அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலக வெற்றிவீரராய் விளங்கிய கணினி அறிஞர் ஹான்ஸ் பேர்லினர் இக்குறைக்குத் "தொடுவான விளைவு" எனப் பெயரிட்டார்.

இதற்கு மருந்தாக வந்தவையே நீட்டிப்புகள். வெட்டும் மறுவெட்டும் ஓயாத நிலையில் தீர்ப்புக் கூறாது, களம் அமைதியுறும்வரை அவ்வெட்டுகளை மட்டும் தொடர்ந்து நோக்குதல் முதலாவது. அரசனுக்குச் செக் வைக்கப்பட்டிருப்பின் அவ்வழியை ஒரு படி கூட்டி நோக்குதல் அடுத்தது. இவற்றினும் நுண்ணியதொரு முறையை வகுத்தவருள் ஒருவர், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற தோமஸ் அனந்தராமன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரும் சூ, கம்பெல் என்பாரும் இணைந்து உருவாக்கிய அம்முறையைத் தனிநகர்வு நீட்டிப்பு எனலாம். ஒரு நிலையில் ஒரே ஒரு நகர்வு மட்டும் ஏனைய யாவற்றினும் மிகச் சிறந்ததாகத் தோன்றுமாயின், ஆட்டத்தின் விதி அந்நகர்வொன்றிலேயே தங்கியுள்ளது. ஆதலின் அதனை மேலும் ஒரு படி ஆழ்ந்து சோதித்தல் வேண்டும். பல நல்ல வழிகள் உள்ளபோது ஒன்று பிழைத்தாலும் மற்றொன்று காக்கும். ஒரே வழி உள்ளபோது அது பிழைப்பின் யாவும் பிழைக்கும். இதுவே அம்முறையின் உட்பொருள்.

இம்முறையைக் கொண்ட அவர்களது "டீப் தோட்" என்னும் கணினி, 1988 நவம்பரில் லோங் பீச் நகரப் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பென்ற் லார்சனை வென்று, டோனி மைல்சுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. எனினும் 1989இல் அதனுடன் ஆடிய இரு ஆட்டங்களிலும் கஸ்பரோவே வென்றார். அதன் வழித்தோன்றலாகிய "டீப் புளூ" 1997இல் அவரை 3½–2½ என வென்றது. அது ஒரு வினாடியில் 20 கோடி நிலைகளை நோக்க வல்லது. அவ்வேகம் இருந்தும் எல்லா வழிகளையும் அது சமமாக நோக்கவில்லை. பொதுவாக இரு பக்கத்தாரும் ஆறு முதல் எட்டு முறை ஆடும் அளவே நோக்கி, இன்றியமையாத இடங்களில் இருபது முறைக்கும் மேலாக ஆழ்ந்து சென்றது.

ஆயின் நீட்டிப்புக்கும் கடிவாளம் வேண்டும். ஒவ்வொரு செக்கிற்கும் ஒரு படி கூட்டிக்கொண்டே போனால், செக்கின்மேற் செக்காகத் தேடல் முடிவின்றி நீளும். ஒரு வழிக்கு அளித்த நேரம் மற்றொரு வழியிலிருந்து எடுத்த நேரமே. ஆதலால் ஒரு வழியில் எத்தனை நீட்டிப்புகளை அனுமதிப்பது என வரம்பு கட்டுவர். இந்நாளில் முன்னணியில் நிற்கும் "ஸ்டொக்ஃபிஷ்" தனிநகர்வு நீட்டிப்பை இன்றும் கையாளுகின்றது. அத்துடன், வரிசையிற் பின்தங்கிய நகர்வுகளின் ஆழத்தைக் குறைத்து, அவ்வாறு மிஞ்சிய நேரத்தைச் சிறந்த வழிகளுக்கு அளிக்கின்றது. வரம்பு எவ்வளவு என்பதைச் சூத்திரம் எதுவும் கூறுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடவிட்டுப் பார்த்தே தீர்மானிக்கின்றனர்.

மனிதர் நிலை யாது? 1998இல் நம் விஸ்வநாதன் ஆனந்த் இத்தாலியின் இஸ்கியாத் தீவில் "ரெபெல்" என்னும் கணினிச் செயலியுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். மின்னல்வேக ஆட்டங்கள் நான்கிலும் சேர்த்து 3–1 எனச் செயலியே முந்தியது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½–½ என மேம்பட்டார். மொத்தத்தில் 5–3 எனச் செயலியே வென்றதாயினும், சிந்திக்க நேரம் கிடைத்தவிடத்து மனிதரின் தெரிந்தெடுக்கும் ஆற்றல் அன்று தலைநிமிர்ந்து நின்றதை இம்முடிவு காட்டும். இன்று அந்நிலை மாறிவிட்டது. உலக வெற்றிவீரரும் கணினியை வெல்ல இயலாதவராயினர். வேகம் மட்டும் அதனைச் செய்ததன்று. முன்னர் மனிதர்க்கே உரியதாயிருந்த அத்தெரிவை, கணினியும் ஓரளவு கற்றுக்கொண்டது.

கணினித் துறையிற் புகவிரும்பும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக. வேகமான கணினியை விலைகொடுத்து வாங்கலாம். எதனை ஆழ்ந்து ஆராய்வது, எதனை விடுவது, எப்பொழுது ஆராய்ச்சியை நிறுத்தித் துணிவது என்பதை விதியாக வகுத்துக் கொடுப்பதோ மாந்தர் மதியின் பணி. சவளக்கடையிலிருந்தும் அப்பணிக்கு ஆளெழலாம். அதற்கு வேண்டுவது ஒரு சதுரங்கப் பலகையும், ஒரு சிறு கணினியும், விடாத முயற்சியுமே.