மேலே போகிற பஸ், கீழே வரும் காருக்காக நிற்குமா?
கம்ப்யூட்டர் செய்யும் கூத்து!

சென்னை, மாலை 6 மணி. ஜெமினி மேம்பாலத்தின் அடியில் சிவப்பு விளக்கு. ஸ்கூட்டர்காரர் முணுமுணுக்கிறார்: "இந்த சிக்னல் எப்பத்தான்யா மாறும்?"

சிக்னலுக்கு எத்தனை வினாடி விடலாம், எந்தத் தெருவை ஒரு வழிப்பாதை ஆக்கலாம் என்பதை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். திரையில் பொம்மை வண்டிகள் ஓடும். அதற்கான 'சுமோ' என்ற புரோகிராம், ஜெர்மனி நாட்டு விண்வெளி ஆய்வு மையம் தயாரித்தது. 2001 முதல் கிடைக்கிறது. காசு கிடையாது.

வண்டி ரெடி. ரோடு?

அதைக் கொடுப்பது 'ஜி.ஐ.எஸ்.' என்னும் கம்ப்யூட்டர் வரைபடம். அதில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எத்தனை வண்டி வரிசை, என்ன வேகம், எங்கே திரும்பக் கூடாது என்று எல்லாம் இருக்கும். 2004–ம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சரிபார்க்காமல் போட்டால் வம்புதான்!

பாலம் படுத்தும் பாடு

1973–ல் திறந்த ஜெமினி மேம்பாலத்தையே பாருங்கள். மேலே அண்ணா சாலை. கீழே குறுக்கு ரோடு. படத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும். 'இது பாலம்' என்று சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதை நாற்சந்தி என்றே நினைக்கும். மேலே போகிற பஸ், கீழே வரும் காருக்காக நிற்கும்!

இரண்டு தெருக்கோடுகள் அரை அடி விலகி இருந்தாலும் ஆபத்து. நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது முட்டுச்சந்து. வண்டிகள் பக்கத்துத் தெருவில் குவியும். 'அங்கே கடும் நெரிசல்' என்று கணக்கு வரும். இல்லாத நெரிசலுக்குப் பாலம் கட்டினால் யார் வீட்டுப் பணம்?

ரங்கநாதன் தெருவும் படத்தில் ஒரு ரோடுதான். அதில் காரை விட முடியுமா? கால் வைக்கவே இடம் இல்லை! பாண்டி பஜாரில் 2019–ல் நடைபாதை அகலமானது. பழைய படத்தை வைத்தால் கணக்கு தப்பும். ஜெர்மனியில் வண்டிகள் வலது பக்கம் போகும். 'இங்கே இடது பக்கம்' என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

நோட்டும் கையுமாக...

ரோடு சரியானால் மட்டும் போதாது. யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள்? மாநகராட்சியில் 200 வார்டுகள். எந்த வார்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், ஆபீசு, பள்ளிக்கூடம், கடைகள் எங்கே என்பதையும் படத்தில் ஏற்ற வேண்டும். அதை வைத்துத்தான் காலையில் எத்தனை வண்டி கிளம்பும் என்று கணக்குப் போடுவார்கள்.

கடைசியில் ஒரு பரீட்சை. திரையில் ஓடிய வண்டிகளும், தெருவில் எண்ணிய வண்டிகளும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் தப்பைத் தேடித் திருத்த வேண்டும்.

ஆகவே, முச்சந்தியில் ஒருவர் நோட்டும் கையுமாக வண்டி எண்ணிக்கொண்டிருந்தால், 'வேலை இல்லாதவர்' என்று நினைக்காதீர்கள். அவர் எழுதும் கணக்கில் உங்கள் சிக்னலும் இருக்கலாம்!