கயிறு யார் கையில்?

தூத்துக்குடியில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போகிற வழியில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் ஒரு சாயங்காலம், பக்கத்தில் இருந்த தம்பி தன் போனை என் பக்கம் நீட்டினான். அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்தில் உம்ராங்சோ என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் திடீரென்று தண்ணீர் புகுந்து 9 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். திரையில் குழிவாய் தெரிந்தது. அதைச் சுற்றி ராணுவ வீரர்களும் பம்புகளும் கயிறுகளும். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம்.

"அண்ணாச்சி, 300 அடி ஆழம்னு போட்டிருக்கான். அதுல 100 அடிதான் தண்ணியாம். நம்ம ஊர்ல முங்குறவங்க இல்லையா? நாலு பேரை அனுப்புனா எடுத்துட்டு வந்துர மாட்டாங்களா?"

அவனுடைய அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அதனால் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. தண்ணீருக்கு அடியில் ஆள் இருந்தால் ஆள் இறங்கி எடுக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் அறிவு. இன்னொரு டீ சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

கடலில் முங்குகிறவனுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: தலைக்கு மேலே திறந்த தண்ணீர். மூச்சு முட்டினாலும், காற்றுக் குழாய் மடங்கினாலும், கையில் இருப்பதை விட்டுவிட்டு மேல்நோக்கி உதைத்தால் வெளிச்சம் வந்துவிடும். சுரங்கத்தில் மேலே இருப்பது பாறை. நேராக இறங்கும் குழி ஒரு கிணறு மாதிரி. ஆட்கள் இருப்பது கிணற்றில் இல்லை. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து போகும் பொந்துகளில். எலி வளைச் சுரங்கம் என்று சொல்கிறார்களே, அந்தப் பொந்துகளின் உயரம் மூன்று நான்கு அடிதான். தவழ்ந்துதான் போக வேண்டும். அது தண்ணீரால் நிரம்பி, கரித்தூள் கரைந்து, கண் முன்னே கையை நீட்டினால் கை தெரியாத இருட்டாகிவிடும். சரிந்த மரமும் கல்லும் குழாயைப் பிடித்து இழுக்கும். எந்தப் பொந்து எங்கே திரும்புகிறது என்று சொல்ல யாரிடமும் வரைபடம் இல்லை. நம் குளியாளிகளுக்கு நெஞ்சுரம் குறைவென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொந்துக்குள் நெஞ்சுரம் மட்டும் போதாது.

"அப்போ தண்ணியை இறைச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான்.

அதற்கு முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலக்கரி தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம் காலியாகவே கிடப்பதில்லை. மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து, பூமிக்குள்ளே ஒரு குளம் ஆகிவிடுகிறது. பக்கத்தில் புதிதாகத் தோண்டுகிறவனுக்கும் அந்தக் குளத்துக்கும் நடுவே ஒரு கரிச்சுவர்தான். அதில் ஒரு வெடி தப்பி விழுந்தால், ஒரு கடப்பாரை கூடுதலாக இறங்கினால், குளம் முழுவதும் உள்ளே பாய்கிறது. அதனால்தான் இந்தியச் சுரங்க விதிகள், கைவிட்ட சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் நெருங்கினால் முன்அனுமதி வேண்டும், முன்னால் துளை போட்டுச் சோதித்த பிறகே வெட்ட வேண்டும் என்று சொல்கின்றன. அந்த 60 மீட்டரில் ஒவ்வொரு மீட்டரும் முன்பு யாரோ செத்துப் படித்த பாடம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், மேலே தேங்கியிருந்த பழைய சுரங்கத் தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கியதில் 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருவரும் உயிரோடு வரவில்லை.

அப்படியானால் உள்ளே மாட்டியவர்கள் பிழைத்த கதையே இல்லையா? உண்டு. அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பக்கம் மகாபீர் சுரங்கம். 1989 நவம்பர் 13 இரவு, பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அப்போது உள்ளே சுமார் 220 பேர். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 6 பேர் வெள்ளத்தில் போய்விட்டார்கள். மீதி 65 பேர் தண்ணீர் எட்டாத மேட்டுப் பகுதியில் ஒதுங்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். பூமிக்கு மேலிருந்து நேராக அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு துளை போடுவோம். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புக் கூண்டு செய்து, அதை அந்தத் துளை வழியே இறக்கி, ஒவ்வொருவராகத் தூக்குவோம் என்றார். துளையின் விட்டம் சுமார் 22 அங்குலம். தோள் அகலமான ஆள் உடம்பைக் குறுக்கித்தான் நிற்க வேண்டும்.

கூண்டு தயாரானது. முதலில் யார் இறங்குவது? கில் தானே இறங்கினார். நவம்பர் 16 விடிவதற்கு முன் உள்ளே போனவர், காயம்பட்டவர்களையும் உடம்புக்கு முடியாதவர்களையும் முதலில் அனுப்பிவைத்தார். சுமார் 6 மணி நேரத்தில் 65 பேரும் மேலே வந்தார்கள். கடைசியாக வந்தவர் கில். 1991-ல் அவருக்கு சர்வோத்தம ஜீவன் ரக்‌ஷா பதக்கத்தை அணிவித்தவர், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நம் தஞ்சை மாவட்டத்துக்காரர் ஆர்.வெங்கட்ராமன்.

தம்பியின் முகம் மலர்ந்தது. நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "துளையை எந்த இடத்துல போடணும்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சற்று யோசித்தான். "வரைபடம் இருந்திருக்கணும்."

அதேதான். அளந்து வரைந்த படம் இருந்தது. அதனால் தரைக்கு மேலே இந்த இடத்தில் துளையிட்டால் கீழே இந்தப் பாதையில் போய் நிற்கும் என்று கணக்குப் போட முடிந்தது. உள்ளே போனவர்களின் வருகைக் கணக்கு இருந்தது. எத்தனை பேர் வரவில்லை என்று சொல்ல முடிந்தது. பம்பு இருந்தது, துளையிடும் இயந்திரம் கிடைத்தது, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகம் இருந்தது. கில்லின் துணிச்சல் பெரிது. அந்தத் துணிச்சல் கால் ஊன்றி நிற்கத் தரை தந்தவை, அலமாரியில் கிடந்த படமும் பதிவேடும்.

இதற்கு நேர் எதிரான இடம் மேகாலயாவின் கிழக்கு ஜெயின்டியா மலையில் உள்ள க்சான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலிலேயே அங்கே எலி வளைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டுவிட்டது. தடைக்குப் பிறகும் தோண்டினார்கள். 2018 டிசம்பர் 13 அன்று, 370 அடி ஆழமுள்ள குழிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே எத்தனை பேர்? முதலில் 13 என்றார்கள், பிறகு 15 என்றார்கள். சட்டத்துக்குப் புறம்பான சுரங்கத்தில் பெயர் எழுதும் பதிவேடு ஏது? தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, கடற்படைக் குளியாளிகள் வந்தார்கள். தண்ணீரைக் குறைத்தால்தான் பத்திரமாக இறங்க முடியும் என்றார்கள். பெரிய பம்புகள் மலைப்பாதையில் வந்து சேரவே நாட்கள் ஆயின. இறைக்க இறைக்கப் பக்கத்துக் குழிகளிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. 2019 ஜனவரி நடுவில்தான், கடற்படை இறக்கிய, தொலைவிலிருந்து இயக்கும் கேமராக் கருவி முதல் உடலைக் கண்டது. இரண்டு உடல்கள் மட்டும் மேலே வந்தன. மார்ச் மாதம் தேடுதல் நின்றுபோனது.

உள்ளே இருந்தவர்களில் பலர் கூலிக்காக வெகு தூரம் வந்தவர்கள். அவர்களுடைய வீட்டார் கேட்டது, நாட்கள் ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே போனது. முதலில் உயிர், பிறகு உடல், கடைசியில் காரியம் செய்ய ஏதாவது. காத்திருப்பு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தென்கரைக்கு இந்தக் காத்திருப்பு புதிதும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களில் கோயில் வாசலிலும் கரையிலும் பெண்கள் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் படகில் யார் போனார்கள் என்ற பட்டியலை ஊர்க்காரர்களே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. உடல் கிடைக்காதவர் இறந்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்க 7 ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. நெற்றியில் பொட்டு வைக்கும்போதும் கை தயங்கும், வைக்காமல் இருக்கவும் மனம் வராது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது. வந்து சேராத ஆளின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்ற கேள்வி மட்டும் வீட்டுக்குள் அப்படியே இருந்தது.

உள்ளே போனவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பழைய முத்துக்குளிப்பில் ஒரு விடை இருந்தது என்று நினைக்கிறேன். மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு ஒருவன் இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் அவனுக்கு மூச்சு. அவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அரை நொடி பிந்தினாலும் பிந்தியதுதான். அந்தக் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள், மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்த ஊரில் பெரியவர்கள் சொல்லுவார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. அவன் கண் வேறெங்கும் போகாது.

நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தக் கயிறுதான் வரைபடம், வருகைப் பதிவேடு, 60 மீட்டர் சோதனைத் துளை, இரண்டாவது வெளிவழி. ஆபத்து வந்த பிறகு கயிறு திரிக்க முடியாது. ராணிகஞ்சில் அதில் படமும் பதிவேடுமாவது முன்பே இருந்தன. க்சானில் பிடிக்கக் கயிறே இல்லை. ஆகவே அந்தக் குடும்பங்கள் அங்கே விதிக்குக் காத்திருந்தன என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் காத்திருந்தது, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்யாமல் விட்ட வேலைக்கு.

நம் துறைமுகத்திலும் தினமும் கரி இறங்குகிறது. ஒடிசாவின் தால்சர் பக்கம் வெட்டியது பாரதீப் வழியாகக் கப்பலில் வந்து, அனல்மின் நிலையத்தில் எரிந்து, இந்த டீக்கடையின் பல்புவரை வருகிறது. அது பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கத்துக் கரி. ஜெயின்டியா மலையின் பொந்துக் கரி இல்லை. ஆனாலும் கரியை எரிக்கிற ஊர், கரிக்குள் போனவனைப் பற்றிக் கேட்கக் கடமைப்பட்டது.

உம்ராங்சோவின் 9 பேரும் பிழைக்கவில்லை. கடைசி உடல்கள் பிப்ரவரியில்தான் வந்தன. அது தெரிவதற்கு முந்தைய அந்தச் சாயங்காலம், தம்பி போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"எங்க வள்ளத்துல அப்பா அடியில இருக்கும்போது, மேல கம்ப்ரசர் பக்கத்துல சித்தப்பாதான் நிப்பாரு அண்ணாச்சி. அப்பா ஏறி வர்ற வரைக்கும் ஒரு டீகூட குடிக்க மாட்டாரு."

ஆறிப்போன என் டீயைப் பார்த்தேன். சுரங்கத்துக்கு வெளியே அப்படி நிற்க வேண்டியவர்கள் யார் யார் என்று அவனுக்கு நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.