குடியேறிய மூதாதையும் ஆவணங்களின் வர்க்க இயல்பும்

கடல் கடந்துவந்த முதல் மூதாதையின் பெயரைக் கண்டறிவதையே குடும்ப வரலாறு தேடும் அமெரிக்கர் பலர் தமது தேடலின் நிறைவாகக் கருதுவர். அப்பெயரை எழுதிவைத்தவர் யார், எதற்காக எழுதினார் என்னும் வினாக்களே எமக்கு முதன்மையானவை.

பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மானியரை எடுத்துக்கொள்வோம். 1727 ஆம் ஆண்டு முதல் பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜேர்மானிய ஆடவர், பிரித்தானிய முடிக்கு விசுவாசம் தெரிவித்துக் கையொப்பமிட வேண்டியிருந்தது. 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களே இதற்கு உட்பட்டனர்; பெண்களும் சிறுவரும் அக்கையொப்பப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. எழுத்தறியாதோர் குறியிட, எழுதுவினைஞர் தாம் கேட்டவாறு பெயரை எழுதினர்.

கப்பற் கட்டணம் செலுத்த இயலாதோர் சில ஆண்டுகால உழைப்புக்கு விற்கப்பட்டனர். 1771-1773 காலப் பிலடெல்பியா நகரமுதல்வரின் பதிவேட்டில் ஊழியரின் பெயரோடு எசமானரின் பெயரும் உழைப்புக் காலமும் தொகையும் காணப்படுகின்றன. இங்கு உழைப்பாளியின் பெயர் பேணப்பட்டமைக்குக் காரணம் அவரது கடனேயாகும்.

அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கருக்கோ இதுவும் கிட்டுவது அரிது. சுதந்திர அமெரிக்காவின் 1850, 1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புகளிற்கூட, உடைமையாளரின் பெயரின்கீழ் அவர்களது வயது, பால், நிறம் என்பனவே பெரும்பாலும் பதியப்பட்டன.

ஆகவே, ஒரு குடும்பத்தின் வம்சாவளி எத்துணை தூரம் பின்னோக்கி நீளும் என்பதை, அக்குடும்பத்தின் நினைவாற்றலைக் காட்டிலும், அதன் மூதாதையர் நின்ற உற்பத்தி உறவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.