முள்ளந்தண்டும் மூடைச் சுமையும்

பூண்டுலோயாச் சரிவுகளிலே லீக்ஸ், கரட், கோவா பயிரிடும் கமக்காரர் பலர், விளைச்சலைப் பாத்தியிலிருந்து வீதிவரை தம் முதுகிலேயே ஏற்றி வருகின்றனர். பள்ளத்து வயல்களில் நாற்று நடுவோர் நெடுநேரம் குனிந்து நிற்கின்றனர். இவ்வேலைகளால் இடுப்பு நோவு உண்டாகும் விதத்தை, முள்ளந்தண்டின் அமைப்பை அறிந்தால் விளங்கிக்கொள்ளலாம்.

முள்ளந்தண்டு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அசையத்தக்கவாறு அடுக்கப்பட்டுள்ளன. இவற்றினிடையே உள்ள தட்டுகள், வெளியே வெங்காயத் தோல் போன்ற நார் அடுக்குகளும் உள்ளே நீர் மிகுந்த கூழும் உடையன. இரவில் படுத்திருக்கையில் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பகலில் சுமையால் நீரிழந்து சுருங்கும். மாலையில் நாம் ஏறக்குறைய 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை குட்டையாவது இதனாலேயே.

பாறையைப் பெயர்க்க அலவாங்கு பிடிப்போர் நெம்புகோலின் தன்மையை அறிவர். நீண்ட பக்கத்தில் நாமும் குறுகிய பக்கத்தில் பாறையும் இருப்பதால் வேலை இலகுவாகின்றது. முதுகிலோ இது தலைகீழாகும். முதுகுத் தசைகள் தட்டின் மையத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னே உள்ளன. 20 கிலோ மூடையை 40 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிப் பிடித்தால், அச்சுமைக்காக மட்டும் தசைகள் 160 கிலோ நிறைக்கு ஈடாக இழுக்க வேண்டும். மூடையை அணைத்துத் தூரத்தை 20 சென்ரிமீற்றராக்கினால் அது 80 ஆகும். இவ்வளவும் தட்டையே நெரிக்கும்.

ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒருவரது இடுப்புத் தட்டினுள் அமுக்கமானி வைத்து அளந்த முடிவுகள் 1999 இல் வெளிவந்தன. நிற்கையில் 0.5 மெகாபஸ்காலாக இருந்த அமுக்கம், 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கியபோது 2.3 ஆகவும், முழங்கால் மடக்கித் தூக்கியபோது 1.7 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் தூக்கும் முறையைக் கற்பித்ததால் மட்டும் நோவு குறைந்ததாகப் பிற ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே பாரத்தையே குறைத்தல் வேண்டும். 50 கிலோ உர மூடையை இரண்டாகப் பிரித்து இருமுறை சுமப்பது சோம்பலன்று. பகலெல்லாம் தலைக்கயிற்றில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களிடம் மாலையில் காய்கறி மூடையையும் ஏற்றுவது தகாது.

விடியற்காலையில் தட்டுகள் பருத்திருப்பதால் குனியும்போது நார்கள் மிக இழுபடும். எழுந்தவுடன் பாரம் தூக்கலாகாது. நடவில் நெடுநேரம் குனிந்தபின் சில நிமிடம் நிமிர்ந்து நடந்து, பின்னரே நாற்றுக்கட்டைத் தூக்குக. சரிவில் மேட்டை நோக்கி நின்று கொத்தினால் குனிய வேண்டிய அளவு குறையும். மண்வெட்டிப் பிடி குட்டையாயின் மாற்றிக்கொள்க. சுமையோடு இடுப்பை முறுக்காது கால்களை எடுத்துவைத்துத் திரும்புக.

சாதாரண நோவுக்குப் பாயிலே பல நாள் கிடப்பதிலும், இயன்றவரை நடமாடுவதே நன்று. தட்டின் நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை நெரித்தால், நோவு காலின் கீழ்வரை இறங்கும். கால் வலுவிழந்தாலும், சிறுநீர் கழிய மறுத்தாலும், தொடைகளின் இடையே உணர்ச்சி குன்றினாலும் எண்ணெய் பூசிக் காத்திராது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.