கறியில் படியும் காணாத கறை

இறைச்சி வாங்கச் செல்லும்போது நாம் எவற்றைக் கவனிக்கிறோம்? நிறம் சிவந்திருக்கிறதா, துர்நாற்றம் வீசுகிறதா, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்டறிகிறோம். இவ்வளவும் சரியாக இருந்துவிட்டால் மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆனால் நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் எக்குறையும் இல்லாத இறைச்சியே சின்னஞ்சிறு குழந்தைகளின் உயிரைக் குடித்த வரலாறு ஒன்று உண்டு. இல்லத்தரசிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1993-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மருத்துவமனைகளுக்கு, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் குழந்தைகள் அடுத்தடுத்துக் கொண்டுவரப்பட்டனர். சில குழந்தைகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மருத்துவர்கள் ஐயமுற்றுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தனர். நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் 'ஜாக் இன் த பாக்ஸ்' என்னும் உணவகத் தொடரின் கிளைகளில், கொத்திய மாட்டிறைச்சியால் ஆன பர்கரை உண்டவர்கள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. நான்கு மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் மாண்டனர். அவர்களுள் ஒரு குழந்தை அந்தப் பர்கரை வாயில் வைத்ததே இல்லை. பகல்நேரக் காப்பகத்தில் நோயுற்றிருந்த வேறொரு குழந்தையிடமிருந்து அதற்குக் கிருமி தொற்றியது.

இறைச்சியின் உட்பகுதி சுமார் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடையும்வரை சமைக்க வேண்டும் என்பது வாஷிங்டன் மாநில விதி. அவ்வுணவகங்களோ 60 டிகிரியோடு நிறுத்திக்கொண்டன. எட்டே எட்டு டிகிரி வேறுபாடு!

கிருமி யாது?

மனிதர், விலங்குகள் ஆகியோரின் குடலில் வாழும் 'ஈ.கோலை' பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அக்குடும்பத்தில் 'ஓ157:எச்7' என்றொரு கொடிய வகை உண்டு. 1982-இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் பர்கர் உண்டவர்களிடம் பரவிய நோயை ஆராய்ந்தபோதுதான் இது நோய்க்கிருமி என்று மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது.

இது சுரக்கும் நஞ்சிற்கு 'ஷிகா நஞ்சு' என்று பெயர். சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் ஷிகாவின் பெயரால் அவ்வாறு அழைக்கப்படுகிறது. நஞ்சு குடலைப் புண்ணாக்கி, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன; சிறுநீர் வற்றுகிறது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளும் முதியோருமே இதற்கு அதிகம் இரையாகின்றனர். பல நோய்க்கிருமிகள் பெருந்தொகையாக உட்புகுந்தால்தான் நோயை உண்டாக்கும். இதற்கோ நூற்றுக்கும் குறைவான கிருமிகளே போதும்.

வியப்பு என்னவெனில், இக்கிருமியைக் குடலில் சுமந்து திரியும் மாடு நோயுறுவதில்லை. நஞ்சு பற்றிக்கொள்வதற்கான இடம் அதன் குடல் இரத்தக் குழாய்களில் இல்லை. ஆகவே உயிரோடிருக்கும் மாட்டைப் பார்த்து, "இது கிருமி சுமக்கிறது" என்று எந்தக் கால்நடை மருத்துவராலும் கூறிவிட முடியாது.

அறுப்புக் கூடத்தில் நிகழ்வது

நலமுள்ள மாட்டின் தசையின் உட்பகுதி ஏறத்தாழக் கிருமியற்றது. அப்படியானால் இறைச்சியில் கிருமி எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்துதான் வந்தது. அதற்கு இரண்டு முதன்மையான வாயில்கள் உண்டு.

முதலாவது, தோல். தொழுவத்திலும் ஏற்றிவரும் வாகனத்திலும் அறுப்புக்குக் காத்திருக்கும் பட்டியிலும் மாட்டின் உடலில் சாணம் அப்பிக்கொள்கிறது. தோலை உரிக்கும்போது, அதன் வெளிப்புறம் சற்றே மடிந்து இறைச்சியின் மேல் பட்டாலும், தோலைத் தொட்ட கை கழுவப்படாமல் இறைச்சியைத் தொட்டாலும் கிருமி இடம் மாறிவிடும்.

இரண்டாவது, குடல். வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் முனை குடலையோ இரைப்பையையோ கிழித்துவிட்டால், உள்ளிருப்பவை இறைச்சியின் மேல் கொட்டுகின்றன. இதைத் தடுக்கவே, நல்ல கூடங்களில் உணவுக்குழாயையும் மலக்குடலின் முனையையும் இறுகக் கட்டிய பிறகே உள்ளுறுப்புகளை எடுக்கின்றனர். ஒரு மாட்டிற்கும் அடுத்த மாட்டிற்கும் இடையே கத்தியை 82 டிகிரி வெந்நீரில் தோய்க்கின்றனர். அவசரத்தில் வேலை நடக்கும் இடத்தில் முதலில் கைவிடப்படுபவை இத்தகைய ஒழுங்குகளே.

துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பிலேயே தங்கியிருக்கும். நெருப்பு முதலில் தீண்டுவதும் அம்மேற்பரப்பையே. ஆனால் அதே இறைச்சியைக் கைமாவாகக் கொத்தும்போது மேலிருந்தது உள்ளே போகிறது. உருண்டையின் நடுப்பகுதிவரை கிருமி சென்று அமர்ந்துகொள்கிறது. பெரிய ஆலைகளிலோ பற்பல மாடுகளின் இறைச்சி ஒன்றாகக் கொத்தப்படுகிறது. ஒரு மாட்டின் மேல் படிந்த கறை ஆயிரக்கணக்கான தட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது.

சட்டம் கண்விழித்தது

அமெரிக்காவில் இறைச்சிச் சோதனைச் சட்டம் 1906-இலேயே இயற்றப்பட்டது. எனினும் சோதனையாளர்கள் பல்லாண்டுகளாகக் கண்ணால் பார்த்தும், கையால் தொட்டும், மூக்கால் முகர்ந்துமே இறைச்சியைச் சோதித்து வந்தனர். கட்டியையும் சீழையும் அவ்வாறு காணலாம். பாக்டீரியாவைக் காண இயலாது.

நான்கு குழந்தைகளின் மரணத்திற்குப் பின்னர், 1994-இல், கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் ஓ157:எச்7 இருப்பின் அது கலப்படப் பொருளாகவே கருதப்படும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. இறைச்சி, உணவு வணிகர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. 1996-இல் வெளியான புதிய விதிகள், ஆலையில் எந்தெந்தக் கட்டத்தில் ஆபத்து நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்தந்த இடத்திலேயே தடுப்பதைக் கட்டாயமாக்கின. விண்வெளி வீரர்களின் உணவைப் பாதுகாப்பதற்காக 1960-களில் உருவாக்கப்பட்ட முறை இது! 2012-இல் மேலும் ஆறு வகை ஈ.கோலை கிருமிகள் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கசாப்புக் கடையில் நேர்ந்த துயரம்

அறுப்புக் கூடத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. 1996 நவம்பரில் ஸ்காட்லாந்தின் விஷா நகரில், ஓர் இறைச்சிக் கடையிலிருந்து சென்ற உணவால் சுமார் 500 பேர் நோயுற்றனர்; 21 பேர் இறந்தனர். மாண்டவர்கள் முதியோர், அவர்களுள் பலர் தேவாலயம் ஒன்றில் நடந்த விருந்தில் கலந்துகொண்டவர்கள். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. பச்சை இறைச்சியையும் சமைத்த இறைச்சியையும் முற்றிலும் பிரித்து வைக்க வேண்டும் என்பது அக்குழு வலியுறுத்திய பாடங்களுள் முதன்மையானது. நன்கு வெந்த இறைச்சியும், பச்சை இறைச்சி பட்ட கத்தியால் நறுக்கப்பட்டால் மீண்டும் நஞ்சாகிவிடுகிறது.

நம் அடுக்களையில்

"நாங்கள் பர்கரா உண்கிறோம்? கறியைக் குக்கரில் வேகவைத்துத்தானே ஆணம் காய்ச்சுகிறோம்" என்று சகோதரிகள் கேட்கலாம். உண்மைதான். கொதிக்கும் ஆணத்தில் இக்கிருமி பிழைக்காது. ஆனால் கைமாவைக் கபாபாகவும் உருண்டையாகவும் பொரிக்கும்போது, மேற்புறம் சிவந்தவுடன் எடுத்துவிடுகிறோம். உட்பகுதி 71 டிகிரியை எட்ட வேண்டும். நிறம் மாறிவிட்டது என்பது வெந்துவிட்டதற்குச் சான்றாகாது. போதிய வெப்பம் ஏறுமுன்பே கைமா பழுப்பாகிவிடுவதுண்டு. எனவே உருண்டைகளைச் சிறியனவாகப் பிடித்து, மிதமான தீயில் நின்று வேகவிடுவது நலம்.

அதைவிடப் பெரிய ஆபத்து அரிவாள்மணையிலும் பலகையிலும் இருக்கிறது. கறி நறுக்கிய அதே பலகையில், வெறும் தண்ணீரை ஊற்றி அலசிவிட்டு, தயிர்ப் பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கினால், கறியில் இருந்த கிருமி வேகாத பச்சடிக்கு வந்துவிடும். பச்சடிக்கு உரியவற்றை முதலில் நறுக்கி மூடிவையுங்கள். அல்லது பலகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்துப் பாத்திரங்களில் விழுகின்றன. கழுவுவதானால் அகன்ற பாத்திரத்தில் மெல்ல அலசுங்கள். பின்னர் தொட்டியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் தடவுவது நெருப்புக்கு ஈடாகாது. குளிர்பெட்டியின் உறைபனியும் இக்கிருமியை அழித்துவிடாது, உறங்கவைக்கிறது, அவ்வளவே.

இக்கிருமி தகுந்த வெப்பத்தில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அக்கணக்கில் ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும். ஆகவே குர்பானி நாளில் பங்குகளைப் பிரித்து, மாலைவரை திண்ணையில் வைத்திருப்பதைத் தவிர்க்க வேண்டும். தோலுரித்த கைகளும் குடல் சுத்தம் செய்த கைகளும் கறி வெட்டும் இடத்திற்கு வராதிருக்கட்டும்.

குழந்தைக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரைகளையோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையோ நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்நோயில் அவை தீமையை மிகுவிக்கக்கூடும்.

உணவைப் பற்றிக் கூறும்போது 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் திருக்குர்ஆன் இணைத்தே கூறுகிறது. ஆகுமானது என்பது ஒன்று. தூய்மையானது, நல்லது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிக் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கிறோம். இனி, "கத்தியும் பலகையும் எப்போது கழுவப்பட்டன?" என்றும் கேட்போம். அதே கேள்வியை நம் அடுக்களையிலும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.