டைனமோவைக் கழற்றும் முன்

பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வாங்கியவருக்கு மெக்கானிக் சொல்லும் முதல் யோசனை, "டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம் சார்!" அவசரப்படாதீர்கள். பல வருடம் ஷெட்டில் கிடந்த டைனமோ கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை.

டைனமோவுக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. இரும்புத் துருவங்களில் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தம்தான் ஆரம்பம். ஆர்மேச்சர் சுழலும்போது அது சிறிதளவு மின்சாரத்தை எழுப்பும்; அதுவே ஃபீல்ட் காயிலில் ஓடிக் காந்தத்தை வலுவாக்கும். சும்மா கிடந்ததில் அந்த மிச்சம் போயிருக்கலாம். வேறொரு காரிலிருந்து வந்ததென்றால் திசையே மாறியிருக்கலாம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். லூகாஸ் டைனமோவானால், ஃபீல்ட் காயிலுக்கான 'எஃப்' முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். சின்னதாகப் பொறி தெறிக்கும், திசை சரியாகிவிடும். அமெரிக்க டெல்கோ வகைகளுக்கு முறை வேறு. அங்கே இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது சோதனை. மின்சாரம் வெளியே வரும் 'டி' முனை, 'எஃப்' முனை இரண்டின் வயரையும் எடுத்துவிட்டு, முனைகளை ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அந்த இணைப்புக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டர். எஞ்சினை மெல்ல வேகப்படுத்தினால் முள் தயங்காமல் ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள். அரை, ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்ட் காயிலைச் சந்தேகியுங்கள். நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

உங்கள் காருக்கு டைனமோ போதுமா என்பது சாதாரணக் கணக்கு. பிற்கால மோரிஸ் மைனர் 1000-இல் இருந்த லூகாஸ் சி40 தருவது 22 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட்டுக்கு 8, சிறு விளக்குகளுக்கு இரண்டரை, இக்னிஷன் காயிலுக்கு 3 என்று வைத்தாலும் 14-ஐத் தாண்டாது. ஹாலஜன், மின்விசிறி, பாட்டுப் பெட்டி எல்லாம் வேண்டுமென்றால் ஆல்டர்னேட்டர்தான் சரி. ஆனால் சாதாரண ஆல்டர்னேட்டருக்கு முதலில் காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயோடுகள் நொடியில் கருகும்.

டைனமோவையே வைத்துக்கொள்பவர்கள் பின்பக்க புஷ்ஷுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐடிலில் டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம், அது டைனமோவின் சுபாவம். வேகம் கூடியும் அணையவில்லையா? வண்டியை நிறுத்தி பெல்ட்டைப் பாருங்கள்.